மாப்பிள்ளை கார் நின்றுபோன கோடை

எங்கள் வீட்டுக் காரில் ஊர்வலம் வந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள் மாரெட்பள்ளியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். காலை நடையில் எதிரே வருவார்கள். முழங்காலுக்குப் பட்டை, தலைக்குக் குல்லா, கையில் பால் பாக்கெட். அவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஒரு காலத்தில் கழுத்து நிறைய மாலையோடு, நடுத்தெருவில் செத்துப்போன காரின் பின்சீட்டில், இறங்குவதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் விழித்த முகங்கள் அவை.

நம் வயதுக்காரர்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை அழைப்பு என்றால் அப்போது கூரையில்லாத கார் வேண்டும். மூடிய காரில் வருகிற மாப்பிள்ளையை யார் பார்ப்பது? சிகந்தராபாத் பக்கம் தமிழ் வீடுகளில் கல்யாணம் நிச்சயமானால், மண்டபத்துக்கு முன்னாலேயே எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். "கார் அன்னிக்குச் சும்மா இருக்குமா?" என்று கேட்பார்கள். அதற்கு மாப்பிள்ளை கார் என்றே பெயர் ஆகிவிட்டது.

தாத்தாவின் அப்பா கண்டோன்மென்ட்டில் வேலை பார்த்தபோது, ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி விட்டுப்போன வண்டி அது. நீளமான மூக்கு. தவளைக் கண் மாதிரி இரண்டு பெரிய விளக்குகள். மடக்கி வைக்கிற கான்வாஸ் கூரை எப்போதோ நைந்து போய், அதன் இரும்புச் சட்டம் மட்டும் மிச்சம். வெயிலில் நின்றால் அதன் தோல் சீட்டிலிருந்து பழைய செருப்பும் வெல்லமும் கலந்த மாதிரி ஒரு வாசனை எழும்பும். டேஷ்போர்டில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு வட்டம். அதற்குள் மெல்லிய முள். மின்சாரம் பேட்டரிக்குள் போகிறதா, வெளியே வருகிறதா என்று அந்த முள் சொல்லும். நானும் தெருப் பிள்ளைகளும் அதைப் பார்ப்பதற்காகவே முன்சீட்டுக்குச் சண்டை போடுவோம். பிற்பாடு கார் கைமாறிக் கைமாறி எங்கேயோ போய்விட்டது. அந்த முள்ளின் நடுக்கம் மட்டும் என் கண்ணில் இன்னும் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது, அந்தக் கார் சொல்லிவைத்த மாதிரி ஊர்வலங்களில் மட்டும் நின்றுபோன ஒரு கோடையைப் பற்றி.

அப்பா அந்த வருஷம் காருக்கு நிறையச் செய்தார். கறுப்புச் சாயம் புதிதாக அடித்தார். முன்பக்கம் வளைவாகக் குட்டி பல்புகள் கட்டினார். மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் உயரமாகத் தெரிய வேண்டும் என்று பின்சீட்டு மெத்தைக்கு அடியில் ஒரு கனத்த பலகையைப் போட்டார். அப்பாவுக்கு அந்தக் கார்தான் கௌரவம். ஆபீசில் அவர் ஒரு மேசைக்குப் பின்னால் நாற்பது பேரில் ஒருவர். ஊர்வலத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்து எறும்பு வேகத்தில் ஓட்டும்போது மட்டும் தெரு முழுக்க அவரைப் பார்க்கும்.

அந்த வருஷத்து முதல் கல்யாணத்திலேயே கார் நின்றது. கோயிலிலிருந்து கிளம்பி, நாதஸ்வரம் ஆரம்பித்து, மாப்பிள்ளையைச் சுற்றிப் பிள்ளைகள் நாங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, முதல் திருப்பம் தாண்டியிருப்போம். எல்லாம் ஒரே நொடியில் போயிற்று. பெரிய விளக்கு, குட்டி பல்பு, ஹாரன், எஞ்சின் எல்லாமே. யாரோ கழுத்தைத் திருகின மாதிரி. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். தள்ள ஆரம்பித்ததும் தானாகவே விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை மறுபடி ஏறினார். கொஞ்ச தூரத்தில் மறுபடி இருட்டு. கடைசியில் மாப்பிள்ளை நடந்தே மண்டபம் போனார்.

மறுநாள் காலையில் அப்பா காரை மெட்டுகுடாவில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். அங்கே மெக்கானிக் பின்சீட்டைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, அதன் அடியில் குழியில் இருந்த பேட்டரியைப் பார்த்தார். முனைகளில் பூத்திருந்த பச்சைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். ஃபியூஸ்களைக் கழற்றித் துடைத்தார். பிறகு அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பின்சீட்டு இல்லாமலே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். கார் குதிரை மாதிரி போனது. விளக்குகளைப் பட்டப்பகலில் எரியவிட்டுக் காட்டினார். "பேட்டரி ஒண்ணும் கெட்டுப்போகல சாப், வண்டி பக்கா" என்று சொல்லிவிட்டார். நியாயமான மனுஷர். தான் பெரிதாக எதையும் செய்துவிடவில்லை என்று காசு வாங்கவும் மறுத்தார்.

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முன்னால் இருக்கிற நூறு துவாரங்களில் வயர்களைச் செருகிச் செருகி ஊரோடு ஊரைப் பேசவைப்பாள். தாத்தா உயிரோடு இருந்தபோதே கார் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டால் அரைமணி நேரம் வெளியே வர மாட்டாள். கல்யாண வயது தாண்டிக்கொண்டிருக்கிறது என்று எல்லோரும் அவள் காதுபடவே பேசினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் எதையாவது சொல்லிப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு யோசித்தால் அத்தைக்கு அப்போது முப்பது கூட ஆகியிருக்காது.

அன்று வேலையிலிருந்து வந்ததும் அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள். எனக்கு அவளிடம் ஒரு வேலை இருந்தது. ஒரு சின்ன பல்பு, அதன் அடியில் இரண்டு வயர். பின்சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஒரு வயரை பேட்டரியின் முனையில் நான் பிடிக்க வேண்டும். இன்னொன்றை அத்தை ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போவாள். மின்சாரம் வந்திருக்கிற இடம் என்றால் பல்பு எரியும். வராத இடம் என்றால் எரியாது. எரியாத இடத்தைக் கண்டுபிடித்தால் கள்ளன் அகப்பட்டான்.

அந்த விளையாட்டுக்கு ஈடாக இன்றைக்கு வரை நான் ஒன்றைப் பார்த்ததில்லை. ஷெட்டுக்குள் வேப்பம்பூ வாசனையும் பெட்ரோல் வாசனையும். தகரக் கூரையில் வெயில் தணியும்போது டக் டக் என்று சத்தம். அத்தை காருக்கு அடியில் படுத்திருப்பாள். "எரியுதா?" என்பாள். ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கப்படி நான் "ஹவ்" என்பேன். "இப்போ?" "ஹவ்." ஒவ்வொரு தடவையும் பல்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை அணையப்போகிறது, இந்தத் தடவை அணையப்போகிறது என்று. ஒரு தடவைகூட அணையவில்லை. எங்கே தொட்டாலும் எரிந்தது. கள்ளன் எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

அத்தை கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். ஊர்வலத்தில் கார் ரொம்ப மெதுவாகப் போகிறது. வேகமாக ஓடினால்தான் டைனமோ பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும். மெதுவாகப் போகும்போது பேட்டரியே எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். அண்ணா கட்டின குட்டி பல்புகள் அதைக் குடித்துவிடுகின்றன. இதுதான் காரணம் என்றாள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பல்புகளைக் கழற்றினார். பேட்டரிக்கு இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி வைத்தார்கள்.

அடுத்த கல்யாணம் மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டில். அதே மாதிரி கோயிலிலிருந்து கிளம்பினோம். அதே மாதிரி பிள்ளைகள் எல்லோரும் பின்னால் ஏறினோம். குவார்ட்டர்ஸ் வாசலுக்குத் திரும்புகிற இடத்தில், அத்தனை உறவும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, கார் செத்தது.

அத்தை கும்பலை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பானெட்டைத் திறந்து கையை உள்ளே விட்டாள். அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், அப்பாவிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கல்யாணம் ஆகாத பொண்ணு கை வெச்சுக்கிட்டே இருந்தா மங்கள காரியத்துக்கு வண்டி எப்படிங்க ஓடும்?" என்றார்.

அப்பா அவரைத் திருப்பி ஒரு வார்த்தை கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அப்பா கேட்கவில்லை. அத்தையைப் பார்த்து, வீட்டுக்குப் போ என்று மட்டும் சொன்னார். அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பானெட்டை ஓசைப்படாமல் மூடிவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனாள். நான் காரில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். அந்த முதுகு எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஷெட்டுக்குப் பூட்டு. சாவி அப்பாவின் இடுப்பில். கல்யாணங்களுக்குக் கார் கேட்டு ஆள் வருவதும் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு நூற்பாலையில் வேலை. அம்மாவும் பிள்ளையும் மட்டும்தான் குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று அத்தை காபி கொடுத்தாள், நமஸ்காரம் செய்தாள், உள்ளே போய்விட்டாள். மற்றதெல்லாம் அப்பாதான் பேசினார். அத்தை நன்றாகச் சமைப்பாள் என்றார். எம்பிராய்டரி போடுவாள் என்றார். அவள் கையால் ஒரு பொத்தான் தைத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மட்டும் ஷெட்டைத் திறந்து வாசலில் நிறுத்தியிருந்த காரைப் பற்றி மாப்பிள்ளை ஏதோ கேட்டார். அதை டிரைவர் பார்த்துக்கொள்கிறான் என்று அப்பா சொன்னார். எங்களுக்கு டிரைவர் ஏது? நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தோளைக் கிள்ளினாள்.

அப்பாவைத் தப்பாக நினைக்காதீர்கள். அன்றைக்கு நான் நினைத்தேன். இப்போது எனக்கே மகளைக் கட்டிக்கொடுத்துப் பேத்தியும் எடுத்த பிறகு தெரிகிறது, அந்த மனுஷர் பயந்துபோயிருந்தார். இதுவும் தட்டிப்போனால் தங்கைக்கு வாழ்க்கையே இல்லை என்று நம்பினார். அவள் எதனால் ஒளி வீசினாளோ, அதையே மறைத்துவைத்தால்தான் அவள் விலைபோவாள் என்று கணக்குப் போட்டார். பெரியவர்கள் பயத்தில் போடுகிற கணக்கு எல்லாம் அப்படித்தான் இருக்கிறது.

வரன் தகைந்தது. கல்யாணத்தைத் தங்கள் ஊர் வழக்கத்துக்கு மாறாக எங்கள் பக்கமே வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா ஒப்புக்கொண்டார். தங்கையின் கல்யாணத்துக்கு வாடகைக் கார் எடுக்க அப்பாவின் மனசு இடம் கொடுக்கவில்லை. மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து இரண்டு தடவை பார்த்தார்கள். இரண்டு தடவையும் பின்சீட்டைத் தூக்கி வெளியே வைத்தார்கள். இரண்டு தடவையும் கார் தங்கமாக ஓடியது.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம், வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் கார் மினுமினுத்தது. மல்லிகைச் சரங்கள், ரோஜா, குட்டி பல்புகள் எல்லாம் மறுபடியும் கட்டியாகிவிட்டது. மாப்பிள்ளை கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, பெரிய மாலையோடு ஏறி உட்கார்ந்தார். ஒல்லியாக, நீளமாக, காதுகள் கொஞ்சம் பெரிதாக இருந்தார். பெண் வீட்டுப் பிள்ளை என்ற உரிமையில் நான் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். தெருவிலிருந்த மற்ற வாண்டுகளும் திபுதிபுவென்று ஏறினார்கள். கார் நாலடி போயிற்று. நான் டேஷ்போர்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் ஒரு தடவை துடித்து, நடுவில் வந்து படுத்துக்கொண்டது. எல்லாம் அணைந்தது.

அப்பா இறங்கினார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பானெட்டைத் திறந்து வெறுமனே அதற்குள் பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாதஸ்வரக்காரர் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பின்சீட்டில் புழுக்கம் தாங்கவில்லை. நான் கதவைத் தாண்டிக் குதித்தேன். என் பின்னாலேயே வாண்டுகள் எல்லாம் குதித்தார்கள். பளிச்சென்று விளக்குகள் எரிந்தன. கூட்டம் ஓவென்று கத்தியது. பிள்ளைகள் சந்தோஷத்தில் மறுபடி ஏறினார்கள். இருட்டு.

கள்ளன் வாலைக் காட்டிவிட்டான்! நான் மறுபடி எல்லோரையும் இறக்கினேன். வெளிச்சம். ஏற்றினேன். இருட்டு. வாண்டுகளுக்கு எதற்கு என்று தெரியாவிட்டாலும் குஷி. தெலுங்கிலும் ஹிந்தியிலும் கத்திக்கொண்டு ஏறி ஏறி இறங்கினார்கள். நான் மாப்பிள்ளையின் கோட்டைப் பிடித்து இழுத்து, "மாமா, நாங்க ஏறினா அணையுது, இறங்கினா எரியுது" என்றேன்.

வேறொருவராக இருந்தால் சும்மா இரு என்றிருப்பார். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பிள்ளைகளை எல்லாம் கீழே நிற்கச் சொல்லிவிட்டு, மாலையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சீட்டின் மேல் தானே தொப் தொப்பென்று குதித்து உட்கார்ந்து பார்த்தார். அவர் உட்காரும்போதெல்லாம் விளக்கு சிமிட்டியது. எழும்பினால் எரிந்தது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளை காருக்குள் குதித்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா பதறிப்போய், என்ன கண்ணு பண்றே என்று காரின் பக்கத்தில் வந்து நின்றார்.

மாப்பிள்ளை அப்பாவைக் கூப்பிட்டு, இந்த வண்டியைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் யாருங்க என்று கேட்டார். மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பியிருப்பதாக அப்பா சொன்னார்.

"அத்தைக்குத் தெரியும்" என்றேன் நான்.

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் வேறு ஒரு நாளாக இருந்தால் நான் பொசுங்கியிருப்பேன்.

"எந்த அத்தை?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"நீங்க நாளைக்குக் கட்டிக்கப்போற அத்தைதான். காரு அடியில படுத்து எல்லாம் பார்ப்பாங்க. ஓட்டவும் ஓட்டுவாங்க."

நாதஸ்வரக்காரர்கூட மூச்சு வாங்க நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை மறுபடி என்னைப் பார்த்து, "அப்ப ஏன் நிக்கிற? ஓடிப் போய்க் கூட்டிட்டு வா கண்ணு" என்றார்.

மண்டபம் இரண்டு சந்து தள்ளித்தான். பட்டுப்பாவாடையை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு ஆட்டோக்காரர் திட்டினார். ஒரு நாய் துரத்தியது. மணப்பெண் அறையில் அத்தை கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னலில் பூவைப் பாதி தைத்திருந்தார்கள். கைகளில் மருதாணி. முகத்தில் ஒரு உயிர் இல்லை. நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அணையுது, எரியுது, அணையுது, எரியுது.

கண்ணாடியில் இருந்த அவள் முகம் மெதுவாக மாறியதை நான் பார்த்தேன். யாரோ உள்ளேயிருந்து ஸ்விட்சைத் தட்டின மாதிரி.

"பலகை" என்றாள். "ஐயோ, பலகை! நாம சீட்டைத் தூக்கிட்டுத்தானே ஒவ்வொரு தடவையும் பார்த்தோம்!"

எழுந்துவிட்டாள். பூத் தைத்துக்கொண்டிருந்தவளின் கையில் ஊசியும் நூலும் மட்டும் மிச்சம். வாசலில் அம்மா நின்றாள். தடுக்கப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அம்மா அத்தையை மேலும் கீழும் பார்த்தாள். கொடியில் கிடந்த ஒரு பழைய போர்வையை உருவி அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். "பட்டுல கறை படாம பார்த்துக்க" என்றாள். அவ்வளவுதான்.

கல்யாணப் பெண் தெருவில் ஓடிவருவதை அதற்கு முன்னால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாதிப் பின்னலில் பூ ஆட, இடுப்பில் போர்வை பறக்க, கூட்டம் தானாகவே விலகி வழிவிட்டது. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி நின்றார். அத்தை அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சீட்டைத் தூக்கணும். ஒரு பக்கம் பிடிங்க" என்றாள்.

அவர் பிடித்தார். மெத்தை வெளியே வந்தது. அப்பாவின் பலகை வெளியே வந்தது. அடியில் பேட்டரி. பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகிற பட்டை ஒன்று இருந்தது. செப்புக் கம்பியைத் தலைப்பின்னல் மாதிரி பின்னி, மேலே துணி சுற்றியிருப்பார்கள். அது வழியாகத்தான் எல்லா மின்சாரமும் திரும்பி வர வேண்டும். பார்வைக்கு ஒன்றும் இல்லை. அத்தை அந்தத் துணியைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். உள்ளே பின்னல் முக்கால்வாசி அறுந்து, இரண்டு மூன்று இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டில் கனம் ஏறினால் பலகை கீழே இறங்கி அதை ஒரு பக்கமாகத் தள்ளும். இழைகள் விலகும். கார் சாகும். கனம் இறங்கினால் இழைகள் தொட்டுக்கொள்ளும். கார் பிழைக்கும்.

"எங்க எக்ஸ்சேஞ்சுல வயரு இப்படித்தான் போகும்" என்று அத்தை சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். "வெளியில முழுசா இருக்கும். உள்ள அறுந்திருக்கும். அசைச்சாத்தான் தெரியும்."

"எங்க மில்லுல நூலும் அப்படித்தாங்க" என்றார் மாப்பிள்ளை.

அத்தை அப்போதுதான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். நல்ல முழுப் பார்வை. அவர்கள் இருவரும் முதல்முதலாகப் பேசிக்கொண்டது இதுதான்.

மைக் செட்காரரிடம் தடிமனான வயர் ஒரு துண்டு கிடைத்தது. அத்தை அதை நாலாக மடித்து, அறுந்த பட்டைக்குப் பதிலாகப் போட்டு இறுக்கினாள். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிவிட்டு வயரை அசையாமல் பிடித்துக்கொண்டார். மருதாணிக் கையும் அவருடைய வெள்ளைச் சட்டையின் கையும் ஒரே கறுப்பாக ஆயின. மாப்பிள்ளையின் அம்மா குனிந்து, பேட்டரிக் குழிக்குள் எட்டிப் பார்த்து, அந்தத் துண்டு துணி என்னத்துக்கு, இந்தப் பட்டை எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தை வேலையை விடாமல் பதில் சொன்னாள்.

இந்த வயர் ஸ்டார்ட்டரின் இழுப்பைத் தாங்காது, ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும் என்று அத்தை சொன்னாள். எல்லோரும் யார் சுற்றுவது என்று பார்த்தபோது, அதுவரைக்கும் ஒரு ஓரமாக, பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா முன்னால் வந்தார். பலகையை யாரிடமோ கொடுத்தார். காரின் மூக்கில் ஹேண்டிலைச் செருகி, பலம் முழுவதையும் போட்டுச் சுற்றினார். ஒரு தடவை இருமியது. இரண்டாவது தடவை இருமி நின்றது. மூன்றாவது தடவை எஞ்சின் கர்ஜித்துக்கொண்டு எழுந்தது. பெரிய விளக்குகள், குட்டி பல்புகள், எல்லாம் ஒன்றாக எரிந்தன. நான் வாண்டுகளை ஏற்றினேன். எரிந்தது. மாப்பிள்ளை ஏறித் தொப்பென்று உட்கார்ந்தார். எரிந்தது. எழும்பி எழும்பி உட்கார்ந்தோம். எரிந்துகொண்டே இருந்தது. நாதஸ்வரம் மேலே மேலே ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தை போர்வையை உதறிக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பினாள். மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்து, "மச்சான், வழியில மறுபடி நின்னா யாரைப் போய்த் தேடறதுங்க? அவங்களே ஓட்டட்டும்" என்றார்.

அப்பா ஹேண்டிலைக் காருக்குள் வைத்தார். பிறகு டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். அத்தை ஏறினாள். அப்பா சுற்றிவந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா, நின்று நின்று காலும் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு, எங்களை நெருக்கித் தள்ளிவிட்டுத் தன் பிள்ளைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

அப்படி ஒரு ஊர்வலத்தை மாரெட்பள்ளி அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மாடியிலிருந்து எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அத்தை முதுகை நிமிர்த்தி, எறும்பு வேகத்தில், ஒரு குலுங்கல் இல்லாமல் ஓட்டினாள். பின்னால் மாப்பிள்ளை குனிந்து அவள் தோளுக்குப் பக்கத்தில் ஏதோ கேட்டார். அவள் முன்னால் பார்த்தபடியே பதில் சொன்னாள். அவர் சிரித்தார். அவள் இன்னொன்று சொன்னாள். இன்னும் சத்தமாகச் சிரித்தார்.

மண்டப வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். மாப்பிள்ளைக்கு மட்டும் சுற்ற வேண்டிய ஆரத்தி அது. மணமகள் உள்ளே இருக்க வேண்டிய நேரம். கார் வந்து நின்றது. பின்சீட்டில் மாலை போட்ட மாப்பிள்ளை. முன்சீட்டில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் ஒரு கறுப்புத் தீற்றலோடு கல்யாணப் பெண். அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற யாரோ, முதலில் பெண்ணை இறங்கி உள்ளே போகச் சொல்லுங்கள் என்றார்கள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிவந்த ஆரத்தித் தண்ணீர் தளும்ப, கைகள் எட்டும் வரைக்கும் அகலமாக விரித்து, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் சேர்த்து ஒரே வட்டமாக, மூன்று தடவை சுற்றினாள்.